வேரை எடை போட்ட கர்னல் சோப்ரா

எங்க ஊர் சித்தேரி. அரூரில் பஸ் பிடித்து மலை ஏற வேண்டும். எங்க வீட்டில் பாலிடெக்னிக் வரை வந்தவன் நான்தான் முதல். மின்னியல் படிக்கிறவனுக்கு மருந்து ஆராய்ச்சியாளர் கதை எதுக்கு என்று கேட்பீர்கள். காரணம் எங்க சித்தப்பா.

நான் எட்டாவது படிக்கும்போது அவருக்கு மனம் பேதலித்தது. கோயில், மந்திரிப்பு, வேர்க்கஷாயம் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் டவுனில் மாத்திரை வாங்கினோம். புத்தி தெளிந்தது. ஆனால் கை நடுங்க ஆரம்பித்தது. விஷம்னு சொல்லி அப்பா மாத்திரையைத் தூக்கிப் போட்டார். இரண்டே மாதத்தில் பழைய குருடி கதைதான். அந்த நடுக்கம் ஏன் வந்ததுன்னு லைப்ரரியில் தேடப் போய்த்தான் சர் ராம்நாத் சோப்ராவைத் தெரிந்துகொண்டேன்.

சோப்ரா 1882-ல், இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் குஜ்ரன்வாலாவில் பிறந்தார். லாகூர், கேம்பிரிட்ஜ் என்று படித்து, 1908-ல் ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1921-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியர் ஆனார். நாட்டு மூலிகைகளை ஒவ்வொன்றாக ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்ப்பதுதான் அவர் அங்கே எடுத்துக்கொண்ட வேலை. முன்னோர் சொன்னதாலேயே நம்பவும் இல்லை, நாட்டு மருந்துதானே என்று ஒதுக்கவும் இல்லை.

அப்படி அவர் கைக்கு வந்தவற்றில் ஒன்று சர்ப்பகந்தி வேர். பீகார் பக்கம் அதைப் பைத்தியத்துக்கு மருந்தாகவே கொடுத்து வந்தார்கள். 1931-ல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இருவர் அந்த வேர்ப்பொடி மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் கேட்கிறது என்று எழுதினார்கள். 1933-ல் சோப்ராவின் குழு வேரிலிருந்து எடுத்த சத்து ரத்த அழுத்தத்தை இறக்குவதைச் சோதனையில் காட்டியது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதே வேரிலிருந்து ரிசர்ப்பினைப் பிரித்தது. வேர்ப்பொடி என்றால் கிராம் கணக்கு. ரிசர்ப்பின் மாத்திரையோ கால் மில்லிகிராம்!

அது எப்படி வேலை செய்கிறது? நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நரம்பு நுனியில் சின்னச் சின்னப் பைகள் உண்டு. டோபமைன், செரட்டோனின் போன்ற ரசாயனங்களை ஒரு பம்ப் அவற்றில் நிரப்புகிறது. பையிலிருந்து வெளியே வந்தால்தான் அடுத்த நரம்புக்குச் சிக்னல். ரிசர்ப்பின் அந்தப் பம்ப்பை அடைத்துவிடும். பை மெல்ல மெல்லக் காலியாகும், மனக் கொந்தளிப்பும் அடங்கும். ஆனால் கை கால் அசைவை ஒழுங்கு பண்ணுவதும் அதே டோபமைன்தான். அது ரொம்பக் குறைந்தால் உடம்பு விறைக்கும், கை நடுங்கும். 1957-ல் சுவீடன் நாட்டுக் கார்ல்சன், ரிசர்ப்பினால் அசையாமல் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா கொடுத்து எழுப்பினார். நடுக்குவாத நோய்க்கு மருந்து கிடைத்ததே அந்த வழியில்தான். 2000-ல் அவருக்கு நோபல் பரிசு.

மனநோய்க்கு இப்போது ரிசர்ப்பின் கொடுப்பது அநேகமாக இல்லை. இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலானவை பையைத் தொடாமல், டோபமைனை வாங்குகிற முனையை அடைக்கின்றன. வழி வேறு, நடுக்கம் மட்டும் அதே நடுக்கம். சித்தப்பா குடித்தது விஷம் இல்லை, அளவுதான் அவர் உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

என்னைக் கேட்டால் சோப்ராவின் பெரிய காரியம் வேறு. அந்தக் காலத்தில் கொய்னா மாத்திரையில்கூடக் கலப்படம். 1930-31-ல் அரசு அமைத்த மருந்து விசாரணைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்த அறிக்கையின் வழியாக வந்ததுதான் 1940-ம் ஆண்டு மருந்துச் சட்டம். அட்டையில் போட்ட அளவு மாத்திரைக்குள்ளும் இருக்கணும்னு கேட்க நமக்கு உரிமை வந்தது அதனால்தான். 1941-ல் சர் பட்டம் பெற்றார். பிறகு காஷ்மீரில் மூலிகை ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1973-ல் காலமானார். 1983-ல் தபால் தலை வெளியிட்டார்கள்.

போன பொங்கல் லீவில் அப்பாவுக்குக் கிணற்று மோட்டாரை வைத்து இதையெல்லாம் விளக்கினேன். நம்பினாரோ என்னவோ, சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் வந்தார். டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்து, நடுக்கத்துக்குத் தனியாக ஒன்று எழுதினார். டீ குடிக்கும்போது சித்தப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சிந்துகிறது. ராத்திரி மாத்திரையை அப்பாவே எடுத்துக் கொடுக்கிறார்.