பட்டாளத்து இன்ஜினியர் பென்னிகுயிக்



ஜான் பென்னிகுயிக் 1841-ல் புனேயில் பிறந்தவர். சென்னை ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1868-ல் அபிசீனியப் போருக்கும் போய்வந்தார். பிறகு பொதுப்பணித் துறையில், 1887-ல் முல்லைப் பெரியாறு அணை வேலையைத் தொடங்கினார். காடு, காய்ச்சல், கட்டியதை அடித்துப்போன வெள்ளம்! பயனியர் பட்டாளத்தாரும் அங்கே வேலை செய்தார்கள். முகாம் போடுவது, சாமான் சேர்ப்பது, ஆட்களைக் கலையாமல் வைத்துக்கொள்வது எல்லாம் பட்டாளம் கற்றுத்தந்த பாடம் என்பேன். 1895-ல் அணை திறந்தது. வைகைப் பாசனத்துக்குத் தண்ணீர் வந்தது. 1911-ல் மறைந்தார்.

சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் நண்பர்களே, முன்னாள் ராணுவத்தார் வந்தால் உடனே செக்யூரிட்டி வேலையைக் காட்டாதீங்க. பட்டாளத்தில் ஒர்க்‌ஷாப் பார்த்தாரா, ஸ்டோர்ஸ் பார்த்தாரா என்று முதலில் கேளுங்க.