நெய்வேலிக்கு உயிர் கொடுத்த காமராஜர்

உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியைப் பாருங்கள். பழைய வீடாக இருந்தால் அதில் ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டை இருக்கும். அதுதான் பியூஸ் கட்டை. திடீரென்று விளக்கு அணைந்தால், வீட்டில் உள்ள பெரியவர் முதலில் அதைத்தான் பிடுங்கிப் பார்ப்பார்.

இப்படிப்பட்ட பீங்கான் சாமான்களுக்குப் பெயர் போன ஊர் விருத்தாசலம். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோவில் கொண்ட பழைய ஊர் அது. பீங்கான் தொழில் அங்கே பிற்காலத்தில் வந்தது. பொம்மைகள், அகல் விளக்குகள் என்று பல சாமான்கள் அங்கே சூளையில் வேகின்றன. பீங்கான் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் அரசுக் கல்விக்கூடமும் அங்கே உண்டு.

சூளைக்கு மண் எங்கிருந்து கிடைத்தது? விருத்தாசலத்தில் இருந்து கடலூருக்கு ரெயிலில் போனால் வழியில் நெய்வேலி வரும். அங்கே பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுக்கிறார்கள். அப்படித் தோண்டும்போது களிமண்ணும் வெளியே வருகிறது. அந்த மண்தான் விருத்தாசலத்தில் பீங்கான் ஆயிற்று.

ஆக, உங்கள் வீட்டு விளக்குக்கும் நெய்வேலிக்கும் தொடர்பு உண்டு. அந்த நெய்வேலிக்கும் ஒரு மனிதருக்கும் பெரிய தொடர்பு உண்டு. அவர் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். என்ஜினீயர் அல்ல. விஞ்ஞானியும் அல்ல. அவர்தான் காமராஜர்.

கடைப் பையன்

விருதுநகரில் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி காமராஜர் பிறந்தார். அப்போது அந்த ஊருக்கு விருதுப்பட்டி என்று பெயர். தந்தை குமாரசாமி நாடார், தேங்காய் வியாபாரி. தாயார் சிவகாமி அம்மாள். நாகம்மாள் என்று ஒரு தங்கை.

காமராஜருக்கு 6 வயது ஆனபோது தந்தை இறந்துவிட்டார். குடும்பம் தள்ளாடியது. சில ஆண்டுகளில் காமராஜர் படிப்பை விட்டார். மாமாவின் துணிக்கடையில் வேலைக்குப் போனார்.

அது கரிசல் பூமி. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி விளையும், கடைத்தெருவில் காசு புரளும். மழை பெய்யாவிட்டால் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். மழை பொய்ப்பது என்றால் என்ன என்று பிற்காலத்தில் எந்த அதிகாரியும் அவருக்கு விளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சுதந்திரப் போராட்டம் அவரைக் கடையில் இருந்து இழுத்துக்கொண்டது. வேதாரணியம் உப்பு சத்தியாக்கிரகத்தை ஒட்டி 1930-ல் சிறை சென்றார். பிறகு மீண்டும் மீண்டும் சிறை. மொத்தத்தில் சுமார் 9 ஆண்டுகளைக் கம்பிகளுக்குப் பின்னால் கழித்தார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் ஆனார். கலியாணம் செய்துகொள்ளவில்லை.

1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி அவர் சென்னை மாநிலத்தின் முதல்-மந்திரி ஆனார். தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையே மந்திரி ஆக்கினார். நிதியும் கல்வியும் அவர் கையில் இருந்தன. பகையை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கும் குணம் அது. நெய்வேலிக்கு அந்தக் குணம் மிகவும் உதவியது.

மழையை நம்பிய மின்சாரம்

அந்தக் காலத்தில் நமக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது? பெரும் பகுதி மலையில் இருந்து வந்தது.

நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. மேட்டூர் மின் நிலையம் 1937-ல் வந்தது. பாபநாசம் 1944-ல் வந்தது. உயரத்தில் தேங்கும் தண்ணீரைக் குழாய் வழியாகக் கீழே பாய விடுவார்கள். அந்த வேகத்தில் சக்கரம் சுழலும். சக்கரம் சுழன்றால் மின்சாரம். கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், புகையும் இல்லை. அணையைக் கட்டி முடித்துவிட்டால் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை.

ஒரே ஒரு குறைதான். மழை பெய்ய வேண்டும்.

மழை பொய்த்த ஆண்டில் அணை வற்றும். சக்கரம் தளரும். ஆலைகளுக்கு மின்சாரத்தை வெட்டுவார்கள். ஆனால் அடி பலமாக விழுவது விவசாயிக்குத்தான். மழை பெய்கிற வருஷத்தில் அவருக்குப் பம்பு செட்டு அவ்வளவாகத் தேவைப்படாது. மழை இல்லாத வருஷத்தில்தான் கிணற்றுத் தண்ணீரை இறைத்துப் பயிரைக் காப்பாற்ற வேண்டும். அதே வருஷத்தில்தான் அணையிலும் தண்ணீர் இல்லை! மின்சாரம் மிகவும் வேண்டிய நேரம் பார்த்து அது கிடைக்காமல் போகும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். காமராஜர் காலத்து மின்சார விவாதம் முழுவதும் இந்த ஒரு முடிச்சில்தான் இருந்தது.

எது வழி?

மலைகளில் இன்னும் அணைகள் கட்டலாம் என்பது ஒரு யோசனை. அது மலிவான வழி. ஆனால் எத்தனை அணை கட்டினாலும் எல்லாம் ஒரே வானத்தைத்தான் பார்த்து நிற்கும்.

நிலக்கரியைக் கொண்டுவந்து எரிக்கலாம் என்பது இன்னொரு யோசனை. நமது மாநிலத்தில் நல்ல கரி கிடையாது. வங்காளத்தில் இருந்தும் பீகாரில் இருந்தும் ஆயிரம் மைல் தாண்டி வர வேண்டும். ரெயில் வாகன் கிடைப்பதே பெரிய பாடு. சென்னை பேசின்பிரிட்ஜ் மின் நிலையம் அப்படி வந்த கரியை நம்பித்தான் ஓடியது.

மூன்றாவது வழி நெய்வேலி. அன்று அது தென்னார்க்காடு மாவட்டத்து விருத்தாசலம் தாலுகாவில் ஒரு சிறு கிராமம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் அங்கே ஆழ்குழாய்க் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அவர் அதை அலட்சியம் செய்யவில்லை. சர்க்காருக்குத் தெரிவித்தார். பிறகு பல ஆண்டுகள் ஆங்காங்கே துளை போட்டுப் பார்த்தார்கள். பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி பரந்து கிடப்பது உறுதியாயிற்று. தனக்குச் சொந்தமான 620 ஏக்கர் நிலத்தை முதலியார் இந்தத் திட்டத்துக்காகக் கொடுத்தார். நெய்வேலியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

கரி இருப்பது தெரிந்துவிட்டது. எடுத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி எடை ஈரம். நல்ல கரி அளவுக்குச் சூடு தராது. குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். தூரத்துக்கு அனுப்பினால் கட்டுப்படி ஆகாது. தோண்டிய இடத்திலேயே மின் நிலையம் கட்டி எரிக்க வேண்டும். அதைவிடப் பெரிய பயம் தண்ணீர். கரிப் படிவத்துக்குக் கீழே ஊற்று நீர் பெரும் அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. மேல் மண்ணை எடுத்துவிட்டால் பாரம் குறையும். அப்போது தண்ணீர் தரையைப் பிய்த்துக்கொண்டு வந்து சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும் என்று பயந்தார்கள். அது வீண் பயம் அல்ல.

பணமும் இல்லை. இவ்வளவு பெரிய திட்டத்துக்கு மாநில சர்க்காரின் கஜானா தாங்காது. டெல்லியில் ஐந்தாண்டுத் திட்டப் பணத்துக்கு எல்லா மாநிலங்களும் கை நீட்டிக்கொண்டிருந்தன. பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் வடக்கே போகின்றன, தெற்கே ஒன்றும் இல்லை என்ற குறை சென்னையில் பலமாக எழுந்தது. தி.மு.கழகம் அதை ஊர் ஊராகப் பேசியது. காமராஜர் அந்தக் கட்சிக்கு எதிரி. ஆனாலும் டெல்லிக்குப் போனபோது மாநிலத்தின் பங்கைக் கேட்பதில் அவர் பின்வாங்கவில்லை.

சுரங்கம் பிறந்தது

சோதனைச் சுரங்கம் ஒன்று முன்னதாகவே தோண்டப்பட்டிருந்தது. பம்புகளை வைத்து நீரை இறைத்தால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்று அதில் தெரிந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் பிரிட்டிஷ் நிபுணர் கம்பெனி ஒன்றும் ஆராய்ந்து, செய்யலாம் என்றது. மத்திய சர்க்கார் பொறுப்பை ஏற்றது. 1956-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி நெய்வேலி நிலக்கரிக் கார்ப்பரேஷன் பிறந்தது. 1957-ம் ஆண்டு மே 20-ந் தேதி பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார்.

பிறகு நடந்தது பெரிய போராட்டம். ஜெர்மனியில் இருந்து ராட்சத மண்வெட்டி யந்திரங்கள் வந்தன. ஒரு சக்கரம், அதைச் சுற்றிலும் வாளிகள். சக்கரம் சுழலச் சுழல வாளிகள் மண்ணை அள்ளும். ஆனால் நெய்வேலி மண் லேசுப்பட்டது அல்ல. கடலூர் மணற்கல் என்ற கடினப் பாறையில் பட்டு வாளிகளின் பற்கள் தேய்ந்து போயின. வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தினார்கள். பற்களைக் கெட்டிப்படுத்தினார்கள். மறுபக்கம் பம்புகள் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருந்தன. அவை நின்றால் சுரங்கம் இல்லை.

150 அடிக்கும் மேல் தோண்டிய பிறகு, 1961-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கரி கண்ணுக்குத் தெரிந்தது. சோவியத் ரஷ்யா உதவியுடன் மின் நிலையம் எழுந்தது. 1962-ல் முதல் யந்திரம் ஓடியது. அதன் சக்தி 50 ஆயிரம் கிலோவாட். 1970-ல் இது 6 லட்சம் கிலோவாட்டாக வளர்ந்தது.

நெய்வேலி கிடைக்கிறது என்று காமராஜர் மலையைக் கைவிட்டுவிடவில்லை. கனடா நாட்டு உதவியுடன் நீலகிரியில் குந்தா திட்டம் வந்தது. பெரியாறு அணைத் தண்ணீரில் இருந்தும் மின்சாரம் எடுத்தார்கள். மழை பெய்தால் மலை கொடுக்கும். பெய்யாவிட்டால் நெய்வேலி கொடுக்கும். கிராமங்களுக்கும் பம்பு செட்டுகளுக்கும் மின்சாரம் கொடுப்பதில் சென்னை மாநிலம் இந்தியாவிலேயே முன் வரிசையில் நின்றது. அப்போது தொழில் மந்திரியாக இருந்தவர் ஆர்.வெங்கட்ராமன். பிற்காலத்தில் இந்திய ஜனாதிபதி ஆனாரே, அவர்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்காகப் பல கிராமங்கள் காலி செய்யப்பட்டன. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தையும், கும்பிட்ட கோவிலையும் விட்டுக் குடும்பங்கள் வெளியேறின. நிலத்துக்கு ஈடான பணம் போதுமா, பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா என்ற கேள்விகள் அன்றே பிறந்தன. இன்னும் தீரவில்லை. 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் வளையமாதேவியில் சுரங்க விரிவுக்காக, பயிர் நின்ற வயலில் யந்திரத்தை இறக்கி வாய்க்கால் வெட்டினார்கள். அதைக் கண்டு மாநிலமே கலங்கியது. நம் வீட்டில் எரிந்த விளக்குக்கு அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலை பெரிது.

திரும்பி வந்த விவாதம்

1963-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி காமராஜர் முதல்-மந்திரி பதவியைத் தானாகவே விட்டார். அகில இந்திய காங்கிரஸ் தலைவர் ஆனார். லால்பகதூர் சாஸ்திரியும், பிறகு இந்திராகாந்தியும் பிரதமராக வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். 1969-ல் நாகர்கோவில் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.

நெய்வேலியின் முதல் மின் நிலையம் 2020-ம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் நிறுத்தப்பட்டது. கரிப்புகை காற்றைக் கெடுக்கிறது, உலகைச் சூடாக்குகிறது என்று இன்று தெரிந்திருக்கிறது. அதனால் காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகியுள்ளன. பழைய விவாதம் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. முப்பந்தலில் காற்று ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் அடிப்பதில்லை. சூரியனோ மாலையில், வீட்டில் எல்லா விளக்கும் போடுகிற நேரத்தில், மறைந்துவிடுகிறது. அன்று மழையைப் பற்றிக் கேட்ட கேள்வியை இன்று காற்றையும் வெயிலையும் பற்றிக் கேட்கிறார்கள். அந்த நேரத்துக்கு எதை நம்புவது? மின்கலமா, மலையின் தண்ணீரா, பழைய கரியா? தேர்தல் மேடையில் ஒரே வரியில் தீர்ந்துபோகிற கேள்வி அல்ல இது.

ஒரு செய்தி. நெய்வேலி நிறுவனமே இப்போது சூரிய மின் நிலையங்களை நடத்துகிறது. அவற்றில் சில, காமராஜர் பிறந்த விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. பயிரைக் கருக்கிய அதே கரிசல் வெயில்!

சென்னை திருமலைப்பிள்ளை சாலையில் ஒரு வாடகை வீட்டில்தான் காமராஜர் வாழ்ந்தார். 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாள். பிற்பகலில் உடல் வியர்த்தது. டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். காமராஜர் கட்டிலில் படுத்தார். அறை விளக்கை அணைத்துவிட்டுப் போகும்படி உதவியாளரிடம் சொன்னார். டாக்டர் வந்து பார்த்தபோது உயிர் போயிருந்தது.