ஆன்மாவைக் காத்த அமைச்சர்

செல்வமும் பதவியும் எல்லாரும் விரும்புவன. அவற்றை அடைதல் அரிது. அடைந்தபின் ஆன்மாவின் நலம் கருதித் துறத்தல் அதனினும் அரிது. அவ்வாறு துறந்த பெரியார் ஒருவர் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தார். அவரே தாமஸ் மோர் ஆவார்.

மோர் 1478-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்றபின் சட்டம் கற்றார். இளமையில் துறவு பூண எண்ணி, துறவியரோடு பழகி, அவர்தம் நோன்புகளைக் கைக்கொண்டார். பின்னர் இல்லறம் ஏற்றாராயினும், மேலாடைக்குள்ளே உடலை உறுத்தும் மயிராடையை மறைவாக அணிந்து வந்தார். பெண்கல்வி அரிதாயிருந்த அக்காலத்தில் தம் மகளிர்க்கு இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார்.

அவருடைய அறிவைக் கண்டு வியந்த மன்னர் எட்டாம் ஹென்றி, அவரை நண்பராகக் கொண்டார். தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த மோரின் இல்லத்திற்கு வந்து, அவர் கழுத்தில் கைபோட்டுத் தோட்டத்தில் உலாவுவார். அது கண்டு சுற்றத்தார் பூரித்தனர். மோரோ, ஆதாயம் உண்டெனின் தம் தலையையும் கொள்ள மன்னர் தயங்கார் என்பதை உணர்ந்திருந்தார். 1529-இல் நாட்டின் தலைமை நீதி அமைச்சர் பதவி அவரை வந்தடைந்தது. அப்பதவியில் மாற்றுச் சமயக் கொள்கையினரிடம் அவர் கடுமை காட்டினார். அஃது அவர் வாழ்வில் ஒரு குறையே.

மன்னர் தம் மனைவி காதரீனை நீக்கி, ஆன் போலின் என்னும் மங்கையை மணக்க விரும்பினார். போப்பாண்டவர் இசையவில்லை. ஆதலின், இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தாமே தலைவராக மன்னர் முற்பட்டார். அது தம் சமய நம்பிக்கைக்கு மாறானது எனக் கருதிய மோர், 1532-இல் பதவியைத் துறந்தார். வருவாய் சுருங்கிற்று; ஏவலரும் பிரிந்தனர். 1534-இல், புதிய மணத்தின்வழி வரும் அரசுரிமையை ஏற்று உறுதிமொழி கூறுமாறு அனைவரும் பணிக்கப்பட்டனர். பிரபுக்களும் ஆயர்களும் பெரும்பாலோர் பணிந்தனர். மோர் மறுத்துச் சிறை புகுந்தார்.

மனைவி ஆலிஸ் அம்மையார் சிறைக்கு வந்து, மன்னர் சொற்படி நடந்து வீடு திரும்புமாறு மன்றாடினார். அருமை மகள் மார்கரெட்டும் வேண்டினார். மன்னரின் சினத்திற்கு அஞ்சாத நெஞ்சம், மகளின் துயரம் கண்டு கலங்கிற்று. ஆயினும், சில்லாண்டே வாழக்கூடிய வீட்டிற்காக அழியாத ஆன்மாவை விற்க அவர் உடன்படவில்லை. உலகப் பேறுகள் அனைத்தினும் ஆன்மா பெரிது என்னும் ஏசுபெருமானின் போதனையே அவருக்குத் துணையாயிற்று. எழுதுகோல் கிடைக்காதபோது, கரித்துண்டால் மகளுக்கு மடல் தீட்டினார்.

1535-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் அவர் கொலைக்களம் ஏறினார். தம்மைக் கொல்விக்கும் மன்னருக்காக இறைவனை வேண்டுமாறு, சூழ நின்றோரைக் கேட்டுக்கொண்டு உயிர் துறந்தார். 400 ஆண்டுகள் கழித்து, 1935-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

பதவி போயிற்று, பொருள் போயிற்று, தலையும் போயிற்று. ஆயினும், எதனை இழத்தல் ஆகாது என்று அவர் எண்ணினாரோ, அதனை அவர் இழக்கவில்லை.