ரோலெக்ஸைக் கொண்டுவந்தவர் வாட்ச் மெக்கானிக்கே இல்லை! - ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் கதை

மணி பார்க்க கையில போன் இருக்கு. ஆனாலும், ரோலெக்ஸ்னு யாராவது சொன்னா ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்கத்தான் செய்றோம். ஸ்விட்சர்லாந்தின் பெருமையா பேசப்படும் இந்த வாட்ச்சைக் கொண்டுவந்தவர் ஒரு ஜெர்மன்காரர். வாட்ச் செய்யுற தொழில் படிச்சவரும் இல்லை. பேரு, ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப்.

1881-ல், பவேரியாவில் உள்ள குல்ம்பாக் ஊரில் பிறந்தார். 12 வயசிலேயே அம்மா, அப்பா ரெண்டு பேரையும் இழந்துட்டார். அப்பா நடத்தின இரும்புச் சாமான் வியாபாரத்தைச் சொந்தக்காரங்க வித்துட்டு, பையனை ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிட்டாங்க. இனி தன்னைத் தானேதான் பார்த்துக்கணும்னு அந்த வயசுலயே புரிஞ்சுபோச்சு.

19 வயசுல ஸ்விட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோன் நகரத்தில், வாட்ச் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கிளார்க் வேலை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதணும். கூடவே, தினமும் நூற்றுக்கணக்கான பாக்கெட் வாட்ச்களுக்குச் சாவி கொடுத்து, நேரம் சரியா ஓடுதான்னு பார்க்கணும். அவர் வாட்ச் படிச்ச பள்ளிக்கூடம் இதுதான்.

1905-ல் லண்டனில், மைத்துனர் ஆல்ஃபிரட் டேவிஸுடன் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார். அப்போ ஆண்கள்னா பாக்கெட் வாட்ச்தான். கையில கட்டுறது பெண்களோட நகைன்னு கிண்டல் பண்ணுவாங்க. அவ்வளவு சின்ன இயந்திரம் நேரம் காட்டாது, தூசியும் தண்ணியும் உள்ளே போயிடும்னு வாட்ச் தொழிலில் இருந்தவங்களே சொன்னாங்க.

வில்ஸ்டார்ஃப் வாதாடலை. பரிசோதனைக்கு அனுப்பினார். 1908-ல் ரோலெக்ஸ்ங்கிற பேரைப் பதிவு செஞ்சார். எந்த மொழிக்காரரும் சுலபமா சொல்லலாம், சின்ன டயலிலும் அடங்கும். 1914-ல் அவரோட கைக்கடிகாரம் ஒன்றை லண்டனின் க்யூ ஆய்வகத்தில் 45 நாள், வெவ்வேறு வெப்பநிலையில் சோதிச்சாங்க. கப்பல்ல வைக்கிற பெரிய கடிகாரங்கள் வாங்கிவந்த ஏ கிரேடு சான்றிதழ் அதுக்குக் கிடைச்சது!

அதே வருஷம் முதல் உலகப் போர் ஆரம்பிச்சது. 1915-ல் பிரிட்டன், இறக்குமதி வாட்ச்களுக்கு 33 சதவிகித வரி போட்டது. கொஞ்சம் கொஞ்சமா தொழிலை ஸ்விட்சர்லாந்துக்கு மாற்றிய வில்ஸ்டார்ஃப், 1920-ல் ஜெனீவாவில் கம்பெனியைப் பதிவு செஞ்சார்.

அடுத்து தண்ணீர்ப் பிரச்னை. சாவி கொடுக்குற குமிழை ஸ்க்ரூ மாதிரி திருகி மூடும் உத்தியை வேற ரெண்டு பேர் கண்டுபிடிச்சு வெச்சிருந்தாங்க. அந்தக் காப்புரிமையை விலைக்கு வாங்கி, 1926-ல் ஆய்ஸ்டரைக் கொண்டுவந்தார். அதாவது சிப்பி. மூடினா மூடினதுதான்!

1927 அக்டோபரில் மெர்சிடிஸ் க்ளைட்ஸ் என்ற இளம்பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதுல சந்தேகம் கிளம்பவே, அதே மாசம் மறுபடியும் நீந்த இறங்கினார். இந்த முறை அவர் கழுத்துல ஒரு ஆய்ஸ்டர் தொங்குச்சு. உறையவைக்கும் குளிர்ல 10 மணி நேரத்துக்கு மேல நீந்தினவரால கரை சேர முடியலை. ஆனா, வாட்ச் ஓடிக்கிட்டிருந்தது. டெய்லி மெயில் பத்திரிகையின் முதல் பக்கத்தையே விலைக்கு வாங்கி, ஊருக்கெல்லாம் அதைச் சொன்னார் வில்ஸ்டார்ஃப்.

1931-ல் கை அசைவிலேயே தானா சாவி ஏறும் பெர்பெச்சுவல் வந்தது. 1945-ல் டயலிலேயே தேதி காட்டும் டேட்ஜஸ்ட் வந்தது. இன்னிக்கும் பலரோட கனவு வாட்ச் அதுதான்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் கைதான பிரிட்டிஷ் வீரர்களோட வாட்ச்களைப் பறிச்சிட்டாங்க. முகாமிலிருந்து கடிதம் போட்டவங்களுக்கு ரோலெக்ஸ் அனுப்பினார் வில்ஸ்டார்ஃப். காசு? போர் முடிஞ்ச பிறகு கொடுத்தா போதும்! அவங்க உயிரோட திரும்புவாங்களான்னே அப்போ யாருக்கும் தெரியாது.

1944-ல் மனைவி இறந்துட்டாங்க. குழந்தைகள் இல்லை. அடுத்த வருஷமே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, தன்னோட பங்குகளை அதுக்கு எழுதிவெச்சார். 1960-ல் ஜெனீவாவில் காலமானார். இன்னிக்கும் ரோலெக்ஸின் உரிமையாளர் அந்த அறக்கட்டளைதான். பங்குச் சந்தையில் நீங்க ரோலெக்ஸ் பங்கு ஒண்ணுகூட வாங்க முடியாது.

அப்பா போனதும் அவரோட வியாபாரம் விலைபோனதை, 12 வயசுல பார்த்தவர் அவர். தனக்குப் பிறகு தன் கம்பெனிக்கு அது நடக்காம பார்த்துக்கிட்டார்.