இசைத்தட்டில் எஞ்சிய கிட்டப்பா

இருபத்தேழு ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த பாடகர் ஒருவரைத் தொண்ணூறு ஆண்டுகள் கடந்த பின்னும் தமிழுலகம் மறவாதிருக்கின்றது. எஸ். ஜி. கிட்டப்பா அவர்களின் நாடகத்தை நேரிற் கண்டோர் இன்று நம்மிடையே இலர் என்றே கொள்ளலாம். எஞ்சியிருப்பன சில இசைத்தட்டுக்கள். அவற்றினின்றும் படியெடுத்து வெளியிட்ட ஒலிநாடாக்களாலும் குறுந்தகடுகளாலுமே புத்தளம் கரையோரத்து வாழும் என் போன்றோர் அவரை அறிந்தோம். அப்படிகளைக் குறித்து எனக்கொரு கவலை உண்டு. அதனைச் சொல்லுமுன் அவர்தம் வரலாற்றைச் சொல்லுதல் முறை.

குற்றாலத்துக்கு அணித்தாயுள்ள செங்கோட்டையில், கங்காதர ஐயரின் மைந்தராக 1906ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள் அவர் பிறந்தார். செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சார்ந்திருந்தது. பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன்; கிட்டப்பா என்பது செல்லப்பெயர். தமையன்மார் நாடகத்துறையிற் புக, இவரும் பால்மணம் மாறாப் பருவத்திலேயே மேடையேறினார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவே அவர்க்குப் பள்ளிக்கூடமாயிற்று. பின்னர்க் கன்னையா கம்பெனியிற் சேர்ந்து தசாவதாரம் முதலிய நாடகங்களில் நடித்தார். கன்னையாவின் மேடை காட்சிச் சோடனைக்குப் பெயர்பெற்றது. அத்துணைச் சோடனைக்கு நடுவேயும் சனங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கத்தக்க குரல் ஒன்று அங்கு இருந்ததென்பதே கிட்டப்பாவின் பெருமை.

அந்நாள் நாடகம் பாட்டாலேயே நடந்தது. அரசன் பாடிக்கொண்டே வருவான், பாடிக்கொண்டே வழக்குரைப்பான், பாடிக்கொண்டே இறப்பான். சபையோர் வன்ஸ்மோர் என்று கூவினால் இறந்தவன் எழுந்து மீண்டும் பாடுதலும் உண்டு. ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்போனுக்கும் சொல் சிதையாமற் சென்று சேரவேண்டும். உச்சத்தாயியில் நின்று விருத்தம் பாடுதலும், வேகமாக உதிரும் பிருகாக்களும் கிட்டப்பாவின் தனிச்சொத்து. கச்சேரி வித்துவான்களுக்கே உரியதென்று கருதப்பட்ட தியாகராசர் கீர்த்தனைகளையும் அவர் மேடைக்குக் கொணர்ந்தார். தேவாமிர்தவர்ஷிணி இராகத்து எவரனி என்னும் கீர்த்தனை நாடகம் பார்க்கும் பாமரர் வாயிலும் வழங்கியது அவராலேயே.

ஒலிபெருக்கியின்றிப் பாடுதல் எத்தகையதென்பதை எங்கள் பகுதியார்க்கு விளக்கவேண்டியதில்லை. உடப்புக் கரையிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலைக் கேட்டோர் அறிவர். கச்சான் காற்று எதிரே வீச, அலை இரைய, அவ்விரைச்சலை ஊடுருவிச் செல்லும் குரலே அங்கே குரல். மற்றையது காற்றோடு போம்.

கிட்டப்பாவின் வாழ்வு திரும்பியது நம் இலங்கை மண்ணிலேதான். கொடுமுடியிற் பிறந்து, சிறுமியாக இரயில் வண்டிகளிற் பாடிப் பிழைத்து, நாடகத்திற் புகுந்த கே. பி. சுந்தராம்பாள் கொழும்பு மேடையிற் புகழ்பெற்று விளங்கினார். 1926ஆம் ஆண்டில் கிட்டப்பாவும் கொழும்புக்கு வந்தார். இருவரும் ஒரே மேடையில் நின்று எதிர்ப்பாட்டுப் பாடியபோது எவர் வெல்லுவார் என்று பார்க்க வந்த கூட்டம், வென்றார் தோற்றார் இலராய்த் திரும்பியது. போட்டி காதலாயிற்று, மறு ஆண்டே திருமணம் நிகழ்ந்தது. கிட்டப்பாவுக்கு அதற்கு முன்னரே கிட்டம்மாள் என்னும் மனைவி இருந்தார் என்பதை மறைத்தல் கூடாது. சுந்தராம்பாள் அதனை அறிந்தே மணந்தார். அவ்வறிவு பின்வந்த துயரத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. வள்ளியும் வேலனுமாக மேடையில் இணைந்து நின்றோர் வீட்டில் பிணக்குற்றுப் பிரிந்தனர். இரு பெண்கள் வருந்தினர் என்பதை அவர் புகழ் பாடுவோர் பலர் எளிதிற் கடந்துவிடுகின்றனர்.

1933ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்றுமுதல் வெண்ணிற ஆடையே உடுத்தார்; ஆடவரோடு இணைந்து நடிப்பதைத் தவிர்த்தார். 1935இல் நந்தனார் படத்தில் ஒரு இலட்சம் ரூபா ஊதியத்தில் நந்தனாராகவே நடித்ததும், 1953இல் ஔவையாராக வந்ததும் பலரும் அறிந்தவை. 1980இல் மறையும்வரை நாற்பத்தேழு ஆண்டுகள் அவர் அவ்விரதத்தைக் காத்தார்.

தமிழ்ப் பேசும்படம் 1931இலேயே தோன்றிவிட்டபோதிலும் கிட்டப்பா எப்படத்திலும் நடிக்கவில்லை. ஆகவே அவரைக் காண வழியில்லை, கேட்கமட்டும் உண்டு. அதுவும் எவ்வளவு? அரக்காற் செய்த பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் சிறிது நேரமுமே அடங்கும். மேடையில் அரைமணி நேரம் விரித்த இராகத்தை அவர் அதற்குள் மடக்கவேண்டியதாயிற்று. பாடகர், ஹார்மோனியம், மத்தளம் எல்லாம் ஒரே வரிப்பள்ளத்தில் ஒன்றாய்க் கலந்து பதிந்தன. பின்னர்ப் பிரித்தெடுக்க ஏதும் தனியே சேமிக்கப்படவில்லை.

இனி என் கவலைக்கு வருகின்றேன். என்னிடம் தமிழ் கற்கும் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் புரோகிரசிவ் மெட்டல் என்னும் மேனாட்டு இசையில் ஈடுபாடுடையவர். சுவீடன் நாட்டு ஓபெத் குழுவினர் 2001இல் வெளியிட்ட பிளாக்வாட்டர் பார்க் என்னும் இசைத்தொகுப்பு, 2010இல் சரவுண்ட் சவுண்ட் எனப்படும் சுற்றொலியாக மீளக் கலக்கப்பட்டு வெளிவந்ததை அவர் எனக்கு விளக்கினார். கேட்போனைச் சூழ ஐந்து ஒலிபெருக்கிகள். தாழ்ந்த ஓசைக்கென ஆறாவது ஒன்று. கரைவலையின் இரு கயிறுகளுக்கும் நடுவே மணலில் நிற்பவனுக்கு வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் அம்பா வந்து சேர்வதுபோல என்று நான் விளங்கிக்கொண்டேன். இசை எனக்கு இடிமுழக்கமாகவே பட்டது. ஆயினும் செய்த வேலையிற் குறைகாண இயலவில்லை. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து வைத்திருந்தனர். வைத்திருந்ததை வேறிடத்தில் அமர்த்தினர். இல்லாததை உண்டாக்கவில்லை.

அதே மாணவர், யாரோ ஒருவர் கணினியின் துணைகொண்டு அவ்வாறே மாற்றியமைத்த கிட்டப்பா பாடல் ஒன்றை ஹெட்போனிற் கேட்கச் செய்தார். தட்டின் கரகரப்பு முற்றும் போயிருந்தது. குரல் நடுவே நிற்க, ஹார்மோனியம் இடப்புறம் ஒதுங்கியது. எங்கிருந்தோ ஒரு மண்டபத்தின் எதிரொலி வந்து சூழ்ந்தது. கேட்க இனிமையே. ஆனால் கரகரப்போடு பிருகாக்களின் கூரிய நுனியும் போயிற்று; அடிகளுக்கிடையே அவர் இழுக்கும் மூச்சும் போயிற்று. கிட்டப்பா அந்த மண்டபத்திற் பாடியதேயில்லை.

ஏட்டுச்சுவடிகளிலிருந்து தமிழ் நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களையும் உ. வே. சாமிநாதையர் அவர்களையும் இங்கே நினைக்கின்றேன். செல்லரித்த எழுத்தை ஒப்புநோக்கித் திருத்தினர், பாடபேதம் காட்டினர், ஏட்டில் அடி சிதைந்திருந்தால் சிதைந்ததென்றே விட்டனர். தாமே ஓரடி இயற்றிச் சேர்ப்பதற்கு நம் மரபில் இடைச்செருகல் என்று பெயர். தட்டிலுள்ள கீறலை நீக்குதல் செல்லரித்ததைத் திருத்துதலை ஒக்கும். அதனை நான் வரவேற்கின்றேன். எதிரொலி சேர்த்தல் இடைச்செருகலே. சேர்க்க விரும்புவோர் சேர்க்கட்டும். இன்னது சேர்த்தேன் என்று உறையின்மேல் எழுதிவிடல் வேண்டும்.

திருத்தவேண்டிய ஒன்று உண்டென்றால் அது வேகம். அக்காலத் தட்டுக்கள் நிமிடத்துக்கு 78 சுற்று என்று பெயர்பெற்றனவேயன்றி, யாவும் அவ்வேகத்திலேயே பதியப்பட்டனவல்ல. வேகம் கூடினாற் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். கிட்டப்பா ஐந்து கட்டைக்கும் மேலே பாடினாரென்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். படியெடுத்தவர் வேகத்தைப் பிழைபடக் கொண்டிருந்தால் அரைக் கட்டையோ முக்காற் கட்டையோ அவர்க்குக் கூடவும் கூடும், குறையவும் கூடும். அவர் புகழே உயர்ந்த சுருதியில் நிற்பதாகலின் இது சிறு செய்தியன்று. நல்லூழாக அவரோடு ஒலிக்கும் ஹார்மோனியத்தின் நாக்குகள் பாடகர் விருப்பத்துக்கு ஏறி இறங்குவனவல்ல. அக்காலத்து ஹார்மோனியம் ஒன்றை அருகே வைத்து, கட்டையோடு கட்டை ஒத்துவரும்வரை தட்டின் வேகத்தைச் சரிபார்த்தால் அவர் நின்ற சுருதியை ஏறக்குறைய நிச்சயிக்கலாம். இரு கட்டைகளுக்கு நடுவே ஐயம் நேர்ந்தால், எது இயல்பான குரல், எது வேகத்தால் மெலிந்த குரல் என்பதைப் பழகிய செவி சொல்லிவிடும். ஆறு ஒலிபெருக்கிகள் வாங்கும் செலவு இதற்கில்லை; பழைய ஹார்மோனியம் ஒன்றும் பொறுமையும் போதும்.