இழந்த விசுவாசமும் இழக்காத முத்திரையும்

மறைக்கல்வி வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவி தயங்கித் தயங்கி எழுந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை வாங்கி, உறுதிபூசுதலும் பெற்ற ஒருவர் பின்னாளில் கடவுளே இல்லை என்று சொல்லிவிட்டால் அவருடைய கதி என்ன? அவர் பெற்ற மீட்பு அவரை விட்டுப் போய்விடுமா?

கேட்பவளின் முகத்தைப் பார்த்தாலே இது பாடப்புத்தகக் கேள்வி அல்ல என்பது நமக்குப் புரிந்துவிடும். கல்லூரிக்குப் போன பின் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்ட அண்ணனோ, ஒரு துயரத்துக்குப் பின் செபமாலையைத் தொடாமலே இருக்கும் தந்தையோ அவள் மனக்கண் முன் நிற்கிறார். இத்தகைய கேள்விக்கு இரண்டு வரியில் விடை சொல்லி அமர்த்திவிட நமக்கு மனம் வருவதில்லை. ஆகவே, பன்னிரண்டு ஆண்டுகள் விசுவாசமின்றி வாழ்ந்து, இன்று பீடத்தில் புனிதராக வணங்கப்படும் ஒருவருடைய வரலாற்றை இங்கே காண்போம். அவர்தாம் சார்லஸ் தெ ஃபூக்கோ.

பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரில், 1858ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், பழம்பெருமை வாய்ந்த பிரபுக் குடும்பத்தில் சார்லஸ் பிறந்தார். பக்தியுள்ள தாய் அவருக்குச் செபம் சொல்லிக் கொடுத்தார். ஆனால் ஆறு வயது நிறைவதற்குள், 1864ஆம் ஆண்டில், தாயும் தந்தையும் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். சார்லஸும் அவருடைய சின்னஞ்சிறு தங்கையும் தாய்வழித் தாத்தாவின் கையில் வளர்ந்தார்கள். ஓய்வுபெற்ற படைத்தலைவரான அந்தத் தாத்தா, தாயில்லாப் பிள்ளையென்று பேரன் கேட்டதையெல்லாம் கொடுத்தார். கண்டிக்க மனம் வராமல் போனார்.

1870ஆம் ஆண்டுப் போரில் பிரான்சு தோற்று, ஸ்ட்ராஸ்பூர் ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. குடும்பம் நான்சி நகரில் குடியேறியது. அங்கே 1872ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சார்லஸ் புதுநன்மை வாங்கினார். அவருடைய அத்தை மகள் மரி எட்டு வயது மூத்தவர். தாயில்லாத அந்தச் சிறுவனுக்குத் தாயும் அக்காவுமாக இருந்தவர். புதுநன்மைப் பரிசாக ஒரு ஞான நூலை அவர் தம்பிக்குக் கொடுத்தார். அந்த நூலை நாம் நினைவில் வைத்துக் கொள்வோம். பின்னால் அது மீண்டும் வரும்.

இரண்டே ஆண்டுகள் சென்றன. பதினைந்து, பதினாறு வயதில் சார்லஸ் விசுவாசத்தை இழந்தார். ஒரே நாளில், ஒரு பெரும் பாவத்தால் இது நேரவில்லை. கையில் கிடைத்த நூல்களையெல்லாம் வழிகாட்டுவாரின்றிப் படித்தார். ஒரு நூல் சொன்னதை அடுத்த நூல் மறுத்தது. அறிஞர்கள் இவ்வளவு முரண்படும்போது உண்மை என ஒன்று இருக்கவே முடியாது என்ற முடிவுக்கு அந்த இளம் உள்ளம் வந்தது. முதலில் செபம் நின்றது. பிறகு விசுவாசம் நின்றது.

அதற்குப்பின் அவர் வாழ்க்கை சரிந்தது. பாரிசில் இயேசு சபைக் குருக்கள் நடத்திய பள்ளியிலிருந்து சோம்பலுக்காகவும் ஒழுங்கீனத்துக்காகவும் 1876இல் விலக்கப்பட்டார். சேன் சீர் இராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். 1878இல் தாத்தா இறந்ததும் பெரும் செல்வம் கைக்கு வந்தது. விருந்தும் கேளிக்கையும் அதைக் கரைத்தன. சோமூர் குதிரைப்படைப் பள்ளியின் இறுதித் தேர்வில் 87 பேரில் 87ஆவதாக வந்தார். அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்ட பின், தகாத உறவு ஒன்றை விட மறுத்ததால் 1881இல் படையிலிருந்து நீக்கப்பட்டார். அந்நாளைய ஒளிப்படங்களில் நாம் காண்பது பருத்த உடலும் களைத்த கண்களும் கொண்ட ஓர் இளைஞரை. எல்லா இன்பமும் கிடைத்தும், விருந்து முடிந்த இரவுகளில் சொல்ல முடியாத வெறுமை தம்மை வாட்டியதாகப் பின்னாளில் அவரே எழுதி வைத்தார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்போம். அந்த நாட்களில் சார்லஸ் இறந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்?

மீட்படைந்த ஒருவர் அதை ஒருபோதும் இழக்க மாட்டார் என்று நம் பிரிந்த சகோதரருள் சிலர் கருதுகின்றனர். நம் திருச்சபையின் போதனை வேறு. 1547ஆம் ஆண்டு திரிதெந்தின் பொதுச்சங்கம் இதைத் தெளிவாக வரையறுத்தது. பெற்ற அருளை மனிதன் சாவான பாவத்தால் இழக்கக்கூடும். விசுவாசத்தை மனமார மறுப்பவன் விசுவாசத்தையே இழக்கிறான். நான் கட்டாயம் மோட்சம் சேருவேன் என்று எவரும் இறுமாந்திருக்க இடமில்லை. இறைவன் நம்மைக் கட்டி வைத்து அன்பு செய்வதில்லை. விலகிப் போகும் உரிமையையும் அவர் நமக்குத் தந்திருக்கிறார்.

ஆனால் அதே சங்கம் அதே ஆண்டில் இன்னும் இரண்டைச் சொன்னது. ஞானஸ்நானம் ஆன்மாவில் பதிக்கும் முத்திரை அழியாதது. பாவமோ மறுதலிப்போ அதைத் துடைக்க முடியாது. அருளை இழந்தவர் பச்சாத்தாபம் என்னும் அருட்சாதனத்தின் வழியாக மீண்டும் எழ முடியும். திரும்பி வருபவருக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வீட்டை விட்டுப் போன பிள்ளை திரும்பினால் புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை அல்லவா? மேலும், திருச்சபை பலரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைப் பற்றியேனும் அறிவித்ததில்லை. அந்தத் தீர்ப்பு இறைவனுக்கே உரியது.

இனி சார்லஸிடம் திரும்புவோம். அல்ஜீரியாவில் கலகம் மூண்டபோது மீண்டும் படையில் சேர்ந்து துணிவுடன் போரிட்டார். 1882இல் பதவியைத் துறந்தார். ஐரோப்பியருக்கு ஏறத்தாழ மூடிக்கிடந்த மொராக்கோ நாட்டை ஆராய, 1883 சூன் முதல் 1884 மே வரை ஒரு யூத ரபியின் வேடத்தில் பயணம் செய்தார். அளந்து குறித்த அந்த உழைப்புக்காகப் பாரிசுப் புவியியல் கழகம் 1885இல் அவருக்குத் தங்கப்பதக்கம் அளித்தது. ஆனால் அந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த பெரும் பரிசு வேறு. முஸ்லிம் மக்கள் நாள்தோறும் வேளை தவறாமல் இறைவன் முன் பணிந்து தொழுவதை அவர் கண்டார். தாம் ஒதுக்கித் தள்ளிய இறைவனைச் சாதாரண மனிதர் இவ்வளவு இயல்பாக வணங்குவது அவர் உள்ளத்தை உலுக்கியது.

1886இல் பாரிசு திரும்பி அத்தை வீட்டாருடன் பழகினார். அத்தை மகள் மரி இப்போது திருமணமாகி மரி தெ போந்தி ஆகியிருந்தார். நாள்தோறும் பூசை காண்பவர், கூர்ந்த அறிவுடையவர். தம்பியின் கெட்ட பெயர் அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் வாதாடவில்லை, கடிந்து பேசவில்லை, அழுது வற்புறுத்தவும் இல்லை. அன்போடு வரவேற்றார், செபித்தார், காத்திருந்தார். இத்தகைய ஒருவர் நம்பும் சமயம் அறிவீனமாக இருக்க முடியாது என்று சார்லஸ் எண்ணத் தொடங்கினார். புதுநன்மை நாளில் மரி கொடுத்த அந்த ஞான நூலை எடுத்து மீண்டும் படித்தார். கோயில்களுக்குள் போய் நெடுநேரம் தனியே அமர்ந்திருப்பார். விசுவாசம் இல்லாமலே ஒரு செபம் சொன்னார்: இறைவன் ஒருவர் இருந்தால் தம்மை அவர் தனக்குக் காட்ட வேண்டும் என்ற அந்த ஒரே வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாணவியரே, நம்பாத ஒருவர் செபிப்பதா என்று நாம் வியக்கலாம். ஆனால் அழியாத முத்திரை அந்த உள்ளத்தின் அடியில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அவ்வாண்டு அக்டோபர் மாத இறுதியில் ஒரு காலை நேரம். மரியின் ஆன்ம குருவான அருள்தந்தை உவ்லேன், பாரிசு நகரப் புனித அகுஸ்தினார் ஆலயத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். சார்லஸ் அவரை அணுகி, தமக்கு விசுவாசம் இல்லை என்றும், சமயத்தைப் பற்றிக் கற்பிக்க வேண்டும் என்றும் நின்றபடியே கேட்டார். அனுபவம் மிக்க அந்தக் குரு பாடம் தொடங்கவில்லை. முழங்காலிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யும்படி சொன்னார். சார்லஸ் பணிந்தார். பன்னிரண்டு ஆண்டுப் பாவங்களையும் கொட்டினார். பாவமன்னிப்பு அளித்த குரு உடனே நற்கருணை வாங்கவும் அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 28. இறைவன் இருக்கிறார் என்று கண்ட அந்த நொடியிலிருந்து, அவருக்காகவன்றி வேறெதற்கும் தம்மால் வாழ முடியாது என்று உணர்ந்ததாக அவர் எழுதியிருக்கிறார்.

பிறகு அவர் வாழ்ந்த வாழ்க்கை நீண்ட நன்றிக்கடன். புனித நாட்டுக்குத் திருயாத்திரை சென்றார். 1890இல் திராப்பிஸ்து துறவற மடத்தில் சேர்ந்து, அச்சபையின் மிக ஏழை மடம் ஒன்றைத் தேடிச் சிரியாவுக்குப் போனார். 1897 முதல் நாசரேத்தில் கிளாரா சபைக் கன்னியரின் மடத்தில் எடுபிடி வேலைக்காரராக இருந்தார். கோமகனாகப் பிறந்தவர் கருவிகள் வைக்கும் குடிசையில் படுத்தார். 1901 சூன் 9ஆம் நாள் குருப்பட்டம் பெற்று, யாரும் போகாத சகாரா பாலைவனத்துக்குப் போனார். பெனி அப்பேஸ் என்னும் இடத்தில் ஏழைகளுக்கும் பயணிகளுக்கும் போர்வீரர்களுக்கும் தம் கதவைத் திறந்து வைத்தார். அடிமைகள் சிலரை விலை கொடுத்து விடுவித்தார். அடிமைமுறையைக் கண்டும் காணாமல் இருந்த தம் நாட்டு அதிகாரிகளைக் கண்டித்தும் எழுதினார்.

1905இல் தமன்ராசெட் சென்று துவாரெக் மக்கள் நடுவே குடியேறினார். அவர்களுடைய மொழியைக் கற்று, அகராதி ஒன்றைத் தொகுத்தார். அது அவர் மறைவுக்குப் பின் 1951-52இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. 1908 தொடக்கத்தில் கடும் பஞ்சத்தின் நடுவே அவர் நோயுற்றுச் சாகக் கிடந்தபோது, முஸ்லிம்களான அந்த ஏழை மக்கள் சுற்றுவட்டாரத்தில் பால் தந்த ஆடுகளையெல்லாம் தேடிப் பால் கொணர்ந்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். அவர் யாரையும் வாதாடி மனந்திருப்ப முயலவில்லை. மரி தம்மிடம் நடந்துகொண்டவாறே அவர் அவர்களிடம் நடந்துகொண்டார் என்று நமக்குத் தோன்றுகிறது.

1916 திசம்பர் முதல் நாள், முதல் உலகப் போரின் குழப்பத்தில், கொள்ளைக் கூட்டம் ஒன்று அவரைப் பிடித்துக் கட்டியது. காவலுக்கு நின்ற இளைஞன் பதற்றத்தில் சுட, 58ஆம் வயதில் அவர் உயிர் பிரிந்தது. அன்று காலையில்கூட அவர் மரிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவர் விரும்பிய சபையில் நிலைத்த தோழர் ஒருவர்கூட அப்போது இல்லை. விதை மண்ணில் விழுந்த பின்னரே முளைத்தது: இயேசுவின் சிறிய சகோதரர் சபை 1933இலும், சிறிய சகோதரியர் சபை 1939இலும் தோன்றின.

2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் பத்துப் பேரைப் புனிதராக உயர்த்தினார். சார்லஸ் அவர்களுள் ஒருவர். இன்னொருவர் நம் குமரி மண்ணின் மறைசாட்சி தேவசகாயம்! 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம், எத்தனை வதைக்கும் அசையாமல், 1752 சனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். ஒருவர் பெற்ற விசுவாசத்தைக் கடைசி மூச்சுவரை கைவிடாதவர். மற்றவர் அதைத் தொலைத்துவிட்டுக் கண்டெடுத்தவர். திருச்சபை இருவரையும் ஒரே நாளில் ஒரே பீடத்தில் ஏற்றியது. இறைவனின் இரக்கம் எத்துணை ஆழமானது!

ஆகவே அந்த மாணவியின் கேள்விக்கு நாம் இப்போது விடை சொல்லலாம். ஆம், விசுவாசத்தை இழக்க முடியும். அது விளையாட்டல்ல, நம்மில் எவரும் நமக்கு அது நேராது என்று அசட்டையாய் இருக்கக்கூடாது. செபத்தைக் கைவிடுவதே அதன் முதற்படி என்பதைச் சார்லஸின் இளமை நமக்குக் காட்டுகிறது. ஆனால் மூச்சு உள்ளவரை இறைவன் தம் பிள்ளையைக் கைகழுவுவதில்லை.

உன் வீட்டில் விலகி நிற்கும் ஒருவர் இருந்தால், மகளே, அவருக்குத் தீர்ப்பு எழுதாதே. வாதாடி அவரை மேலும் தள்ளிவிடாதே. மரியைப் போல் அன்பாய் இரு, நாள்தோறும் அவருக்காகச் செபி, காத்திரு. கதவைத் தட்டும் வேலையை இறைவன் பார்த்துக்கொள்வார். அவர் திரும்பி வரும் நாளில் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்படி நாம் பார்த்துக்கொள்வோம்.