புனே கேம்ப்பில் ஒரு சிவப்புக் கோபுரம்: டேவிட் சசூன் சொன்ன கதையும் சொல்லாத கணக்கும்

புனேயில் வேலை பார்ப்பவர் என்றால் கேம்ப் உங்களுக்குப் பழகிய இடம்தான். எம்.ஜி. ரோட்டில் ஷாப்பிங், கயானி பேக்கரியில் பிஸ்கட்டுக்கு க்யூ. அதே ஏரியாவில், மொலெடினா சாலையில், மணிக்கூண்டோடு ஒரு சிவப்புச் செங்கல் கட்டடம் நிற்கும். பார்க்க சர்ச் மாதிரி இருந்தாலும், அது யூதர்களின் வழிபாட்டிடம், பெயர் ஓஹேல் டேவிட். கட்ட ஆரம்பித்தது 1863இல், முடிந்தது 1867இல். கட்ட வைத்த டேவிட் சசூன் அதை முழுசாகப் பார்க்கவில்லை. 1864 நவம்பரில் புனேயிலேயே இறந்துபோனார். கல்லறையும் அதே வளாகத்தில்தான்.

யார் இவர்? 1792இல் பாக்தாத்தில் பிறந்தவர். அப்பா அங்கே ஆளுநர்களின் தலைமைக் கருவூலக்காரர். ஆட்சியாளரோடு பகை முற்றியதும் டேவிட் பாரசீகத்தின் புஷேர் துறைமுகத்துக்குத் தப்பி, 1830களின் தொடக்கத்தில் பம்பாய் வந்தார். அங்கியின் உள்பக்கம் முத்துக்களை வைத்துத் தைத்துக்கொண்டு ஓடிவந்தார் என்று ஒரு கதை உண்டு. இன்றைய பிட்ச் டெக்கில் இது முதல் ஸ்லைடுக்கே போகும். ஆனால் ஒன்றுமில்லாமல் வந்து ஜெயித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். குடும்பப் பெயரும் வளைகுடா முழுக்க இருந்த வியாபாரத் தொடர்புகளும் கூடவே வந்தன. என் கணக்கில் முத்துக்களைவிட அவைதான் பெரிய முதல்.

தந்தி கிடையாது, சரக்குக்குப் பணம் வர மாசக்கணக்கில் ஆகும். அந்தக் காலத்தில் முன்பின் பார்க்காத ஒருவர் உங்கள் உண்டியலை நம்ப வேண்டும் என்றால், உங்களைப் பற்றி ஊரில் என்ன பேசுகிறார்கள் என்பதுதான் ஜாமீன். சசூன் அந்தப் பேச்சைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். கடைசிவரை தலைப்பாகையும் பாக்தாத் அங்கியும்தான். 1853இல் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியபோதும் ஹீப்ருவில்தான் கையெழுத்துப் போட்டார். எட்டு மகன்களையும் தொழிலில் இறக்கினார். இரண்டாவது மகன் எலியாஸ் 1844இல் சீனாவுக்குப் போனார். பாக்தாத் யூதர்களையே வேலைக்கு வைத்து, அவர்களுக்குப் பள்ளியும் வழிபாட்டிடமும் அமைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு பங்கு தர்மக் கணக்குக்குப் போனது.

சரி, வியாபாரம் எதில்? துணி, நூல், பருத்தி. கூடவே அபின்.

மத்திய இந்தியாவின் மால்வாவில் விளைந்த அபின் பம்பாய் வழியாகச் சீனாவுக்குக் கப்பலேறியது. 1858வரை அதைச் சீனா சட்டப்படி அனுமதிக்கவில்லை. அதை ஒட்டி இரண்டு போர்கள் நடந்தன. இந்தியாவில் அது சட்டவிரோதம் அல்ல. நிலவரிக்கு அடுத்து அரசுக்கு வந்த பெரிய வருமானங்களில் ஒன்றே அதுதான். சசூன் தனி ஆளும் இல்லை. ஜாம்செட்ஜி ஜீஜீபாய் இருந்தார், ஜார்டின் மாத்தசன் கம்பெனி இருந்தது. பின்னால் வந்த சசூன் கம்பெனி இவர்களில் பலரை முந்திவிட்டது.

தர்மம் வெறும் நடிப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் பக்திமான். ஆனால் தர்மப் பங்கு அபின் பில்லிலிருந்தும்தான் போனது. கட்டடங்கள் பம்பாயிலும் புனேயிலும் எழுந்தன, பெயரும் இங்கேதான் நிலைத்தது. சரக்கின் விளைவைச் சுமந்தவர்கள் சீனாவில் இருந்தார்கள். அவர்கள் தரப்பு இங்கே யார் காதிலும் விழவில்லை. பிராண்ட் கதை வேலை செய்ததில் இந்தத் தூரத்துக்கும் பங்கு உண்டு.

1867இல் எலியாஸ் அண்ணனோடு பிரிந்து தனிக் கம்பெனி தொடங்கினார். 1875இல் மூத்தவர் ஆல்பர்ட் பம்பாயில் சசூன் டாக் கட்டினார். இந்தியாவிலிருந்து சீனாவுக்கு அபின் ஏற்றுமதி 1913இல் நின்றது. அதற்குள் குடும்பத்தின் பணம் பஞ்சாலைகளிலும் நிலங்களிலும் வேர்விட்டிருந்தது.

அவர் நன்கொடையில் எழுந்த அரசு மருத்துவமனை புனே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. ஆட்டோவில் ஏறி சசூன் என்று மட்டும் சொல்லுங்கள், நேரே அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள்.